நகர்த்தியது யார், அப்பாவா மோட்டாரா?

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம் கழித்துத்தான் ரோபோ பயிற்சிக்குப் போனோம். ரோபோ என்றதும் மனித உருவில் ஏதோ ஒன்று வந்து கையைப் பிடித்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அங்கே இருந்தது ஒரு மேசை, ஒரு திரை, முன்கையைக் கிடத்திப் பட்டையால் கட்டுகிற ஒரு தொட்டில், அதைத் தாங்கும் இரும்புக் கை, அவ்வளவுதான். திரையின் நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் எட்டு. கையை அசைத்து, திரையில் கூடவே நகரும் புள்ளியை நடுவிலிருந்து வெளியே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

முதல் நாள் கை நகர்வதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். ஒரு வாரம் கழித்துத் தெரபிஸ்ட் மெஷினின் உதவியைக் குறைத்தார். புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. அதுவரை அப்பா சும்மா உட்கார்ந்திருக்க, வேலையெல்லாம் மோட்டார் பார்த்திருக்கிறது! சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன், உதவி கிடைத்தால் தசை தன் உழைப்பைத் தானாகவே குறைத்துக்கொள்ளுமாம், யாருக்கும் இப்படித்தானாம். இதற்கு 'ஸ்லாக்கிங்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அதனால் நல்ல மெஷின் முதலில் காத்திருக்கும், கை தானாக முயன்று திணறும்போதுதான் தள்ளிவிடும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ கிரெப்ஸ் குழு 1989 வாக்கில் தொடங்கிய எம்.ஐ.டி.-மானஸ் என்ற கைப்பயிற்சி ரோபோவின் சூட்சுமமும் இதுதான். தொழிற்சாலை ரோபோவின் குறுக்கே கையை நீட்டினால் அது பாட்டுக்குப் போய் இடிக்கும், இது ஸ்பிரிங் போல விட்டுக்கொடுக்கும்.

ரோபோவின் உண்மையான பலம் அலுக்காமல் செய்வது. 312 சாதாரண தெரபி அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிய ஒரு ஆய்வில் (2009), கையால் ஒரு காரியத்தைச் செய்து பழகும் அசைவுகள், அவை இடம்பெற்ற அமர்வுகளில்கூட, ஒரு அமர்வுக்குச் சராசரி 32தான். ரோபோவில் அது ஆயிரத்தைத் தொடும்.

சரி, அப்படியென்றால் கை வந்துவிடுமா? இங்கேதான் எனக்கு ஏமாற்றம். பிரிட்டனில் 770 பேரை வைத்துச் செய்த ராட்டல்ஸ் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ரோபோ, இன்னொன்றுக்கு அதே அளவு நேரம் தெரபிஸ்ட்டுடன் தீவிரப் பயிற்சி, மூன்றாவதற்கு வழக்கமான சிகிச்சை. வாரம் மூன்று நாள், 45 நிமிடம், 12 வாரம். கையின் செயல்திறனில் முன்னேறியவர்கள் முறையே 44, 50, 42 சதவீதம். சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. ரோபோ குழுவுக்கு மூட்டுகளை அசைப்பது கொஞ்சம் தேறியது, அந்தத் தேர்ச்சி சட்டை போடுவதற்கு வந்து சேரவில்லை.

அப்பாவிடம் இதையேதான் பார்த்தேன். எட்டுப் புள்ளியையும் தொடுவார், சட்டைப் பொத்தானைத் தொட மாட்டார். தோளும் முழங்கையும் பழகின, விரலுக்கு அந்த மேசையில் வேலையே இல்லையே. இதை முதல் நாளே யாராவது எங்களிடம் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் இன்னும் இருக்கிறது. போனது வீண் என்றும் சொல்ல மாட்டேன், நூறு தடவை செய்வது ஒரு பெரிய விஷயமில்லை என்று அப்பாவுக்குப் புரியவைத்தது அந்த மெஷின்தான்.

இப்போது வீட்டில் துண்டை மேசைமேல் விரித்து முன்னும் பின்னும் தள்ளுகிறார், அப்புறம் கிளிப் எடுத்து டப்பாவில் போடுகிறார். எண்ணுவதும் அவரேதான். நேற்று அறுபதிலிருந்து நேராக எண்பதுக்குத் தாவினார், நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.