வராத பட்டைக்காக ஏழு மாதம்

என் ஆச்சியின் இடது கையில் அம்மைப்பால் குத்திய தழும்பு உண்டு. பெரியம்மையை ஒழிக்கக் குத்தப்பட்ட அந்த வாக்சினியா வைரஸோடுதான் என் முனைவர் பட்ட வேலை என்று சொன்னபோது, "ஒழிச்சாச்சுன்னாங்களே, இன்னும் என்ன நோண்டுறீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். சேர்ந்த புதிதில் கைடு கொடுத்த வேலையும் கேட்பதற்குச் சின்னதாகத்தான் இருந்தது. செல்லை விட்டு வெளியே வரும் 'ஈவி' என்ற வைரஸ் துகள்களைத் தனியே எடுக்க வேண்டும், எடுத்தது ஈவிதான் என்று காட்ட வேண்டும். மூன்று வாரம் போதும் என்றார். ஏழு மாதம் ஆயிற்று.

இந்த வைரஸ் ஒரே செல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட உருவத்தில் தயாராகிறது. பெரும்பாலானவை எம்வி என்ற வகை. ஒரே சவ்வு, செல் உடையும்வரை உள்ளேயே கிடக்கும். அதில் கொஞ்சம் மட்டும், செல்லுக்குள் இருக்கும் கோல்கி, எண்டோசோம் என்ற பைகளின் பக்கத்துச் சவ்வுகளை மேலே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். இப்போது சவ்வு மூன்று, பெயர் டபிள்யூவி. அது செல்லின் ஓரத்துக்குப் போனதும் அதன் வெளிச்சவ்வு செல்லின் சவ்வோடு கலந்துவிடும். மிச்சமிருக்கும் இரண்டு சவ்வோடு வெளியே வருவதுதான் ஈவி. உடம்புக்குள் தூரம் பரவுவது இதுதான். செல்லுக்குள்ளிருந்து எடுத்த வைரஸைச் செயலிழக்க வைத்துத் தயாரித்த பழைய தடுப்பூசிகள் ஏன் சரியாகக் காக்கவில்லை என்பதற்கு, வெளியே வரும் உருவத்துக்கு எதிரான ஆன்டிபாடி அவற்றால் உருவாகாததே காரணம் என்று பவுல்டரும் ஆப்பிள்யார்டும் 1973இலேயே எழுதிவிட்டார்கள்.

புரதங்களின் பெயர்தான் முதலில் மிரட்டும். வைரஸின் டிஎன்ஏவை ஹிண்ட் 3 என்ற நொதியால் வெட்டி, பெரிய துண்டுக்கு ஏ, அடுத்ததற்கு பி என்று வரிசையாக எழுத்து வைத்தார்கள். ஏ33 என்றால் ஏ துண்டில் 33வது மரபணு தரும் புரதம், அவ்வளவே. எல்1, ஏ27, டி8, எச்3 எல்லாம் எம்வியின் சவ்வில் இருப்பவை. ஏ33, ஏ34, ஏ56, பி5, எஃப்13 ஐந்தும் ஈவியின் மேல்சவ்வுக்கு உரியவை. குரங்கம்மை வைரஸில் இதே புரதங்களுக்கு எண் மாறிவிடும்: ஏ33 அங்கே ஏ35, பி5 அங்கே பி6, எல்1 அங்கே எம்1. அந்தக் கட்டுரைகளைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு வைத்துக்கொள்வது நல்லது.

எங்களிடம் இருந்தது டபிள்யூஆர் என்ற ரகம். வெளியே மிகக் குறைவாகவே ஈவி விடும் கஞ்சன் அது. ஏ34 புரதத்தின் 151வது இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்துவிட்டுக் குளூட்டாமிக் அமிலத்தை வைத்தால் கஞ்சத்தனம் போய்விடும். ஐஎச்டி-ஜே ரகம் தாராளமாக விடுவதற்கு இந்த ஒற்றை மாற்றமே காரணம் என்று 1993இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றத்தைச் செய்த டபிள்யூஆரைத்தான் வளர்த்தேன். செல்லுக்கு மேலே இருக்கும் வளர்ப்புத் திரவமான மீடியத்தை எடுத்து, செல் குப்பையை மெதுவான சுற்றில் இறக்கிவிட்டு, மீதியை சீசியம் குளோரைடு கரைசலில் வேகமாகச் சுற்றினேன். ட்யூபை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்விட்ட பால் போல ஒரு மெல்லிய வளையம் தெரியும். ஈவி 1.23 அடர்த்தியில் நிற்கும், எம்வி 1.27இல் கீழே நிற்கும். மேல் வளையத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்த அன்று வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அடுத்தது வெஸ்டர்ன் பிளாட்: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை. முதல் பிளாட்டில் பி5 வந்தது, எஃப்13 வந்தது. கூடவே 30 கிலோடால்டன் எடைக்குச் சற்றுக் கீழே, தடியாக, எல்1. எம்வி கலந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி சுத்தம் செய்தேன். மறுபடி எல்1. இன்னொரு தடவை, அப்போதும் எல்1. இப்படியே ஒன்றரை மாதம்.

எங்கள் லேபில் திருநெல்வேலிக்கார அக்கா ஒருவர் போஸ்ட்டாக். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏட்டி, ஈவிக்குள்ள என்ன இருக்கு?"

"எம்வி..." என்று சொல்லும்போதே எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஈவி என்பதே ஒரு முழு எம்வியும் அதன்மேல் இன்னொரு சவ்வும்தான். ஜெல்லில் ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் சோப்பில் கரைத்துக் கொதிக்க வைக்கிறோம். உள்ளே இருந்த எல்1 வராமல் என்ன செய்யும்? எல்1 வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். எந்தப் பாடப்புத்தகப் படத்திலும் இது இருக்கிறது. நானே செமினாரில் வரைந்து காட்டியிருக்கிறேன். பிளாட் முன்னால் நிற்கும்போது மட்டும் மறந்துபோனது.

"எம்வில மட்டும் இருக்கறத தேடு" என்றார் அக்கா. ஏ26 அப்படிப்பட்ட ஒன்று. அது ஏ27ஐப் பிடித்துக்கொண்டு எம்வியின் மேல் உட்கார்ந்திருக்கும். சவ்வு சுற்றிக்கொண்ட துகளில் இருக்காது. ஏ26க்கு ஆன்டிபாடி கிடைக்க ஐந்து வாரம் பிடித்தது. போட்டுப் பார்த்தேன். எம்வி லேனில் பளிச்சென்று பட்டை, ஈவி லேன் சுத்தமாகக் காலி. அந்தக் காலி இடத்தை போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா, "ஒண்ணுமே தெரியலையே" என்று பதில் போட்டாள்.

அக்கா விடவில்லை. ஏ36க்கும் போடச் சொன்னார். அது டபிள்யூவியின் வெளிச்சவ்வில் இருக்கும் புரதம். துகள் வெளியேறும்போது ஏ36 செல்லின் சவ்விலேயே தங்கிவிடும். அங்கிருந்து செல்லின் உள்சட்டகமான ஆக்டின் இழைகளைக் கூட்டி, மேலே ஒட்டியிருக்கும் துகளைப் பக்கத்துச் செல்லை நோக்கித் தள்ளும். ஆகவே விடுபட்ட ஈவியில் அது இருக்கக் கூடாது. என் ஈவி லேனில் இருந்தது.

காரணம் என் பேராசை. அதிகம் கிடைக்கட்டும் என்று தொற்று கொடுத்து மூன்று நாள் விட்டிருந்தேன். அதற்குள் செல்கள் உடையத் தொடங்கி, உள்ளே இருந்த டபிள்யூவியும் சவ்வுத் துணுக்குகளும் மீடியத்தில் கலந்துவிட்டன. உடைந்த செல்லிலிருந்து வந்த எம்வியை சீசியம் குளோரைடு கீழே பிரித்துவிட்டது. டபிள்யூவியின் அடர்த்தியோ கிட்டத்தட்ட ஈவியின் அடர்த்திதான். சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் அவை இரண்டும் பிரியாது. 24 மணி நேரத்தில் மீடியத்தை எடுக்க ஆரம்பித்தேன். வளையம் கண்ணுக்கே தெரியாத அளவு மெலிந்தது, ஏ36 பட்டையும் போய்விட்டது.

சரி, இப்போதாவது முடிந்ததா? இல்லை. மேல்சவ்வு முழுதாக இருக்கிறதா என்பதை பிளாட் சொல்லாது. சவ்வு கிழிந்து தொங்கினாலும் புரதங்கள் எல்லாம் ட்யூபுக்குள்தானே கிடக்கும். அதற்கு உயிருள்ள சோதனை வேண்டும். எல்1க்கு எதிரான ஆன்டிபாடியோடு துகளை ஒரு மணி நேரம் வைத்து, செல்கள் மேல் ஊற்றி, வைரஸ் செல்களைக் கொன்ற இடங்களில் எத்தனை ஓட்டை விழுகிறது என்று எண்ண வேண்டும். மேல்சவ்வு முழுதாக இருந்தால் ஆன்டிபாடி எல்1ஐத் தொட முடியாது. நான் ஊதா மை ஊற்றிக் கழுவிய பிளேட்டில், ஆன்டிபாடி இல்லாத குழியில் 85 ஓட்டை, இருந்த குழியில் 31. பாதிக்கு மேல் கிழிந்த துகள்.

இதற்கும் நான்தான் காரணம். மீடியம் எடுப்பது எப்போதும் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து விழுந்தது. மைனஸ் 80இல் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை எடுப்பேன். எம்வி அதையெல்லாம் தாங்கும். ஈவியின் மேல்சவ்வு ஒரு தடவை உறைந்து உருகினாலே உடைந்துவிடும்; ஒலியதிர்வால் குலுக்கும் சோனிகேட்டரைக் காட்டவே கூடாது. எங்கள் புரோட்டோகால் தாளில் 'புதிதாகப் பயன்படுத்தவும்' என்று ஒரு வரி இருந்தது. எல்லாப் புரோட்டோகாலிலும் இருக்கிற வரிதானே என்று அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை தொற்று, செவ்வாய்க்கிழமை காலை மீடியம், அன்று மத்தியானமே சோதனை என்று மாற்றினேன். எல்1 ஆன்டிபாடி இல்லாமல் 88, இருந்தும் 79. அதே ஆன்டிபாடி அதே நாளில் எம்வியை 90இலிருந்து 2க்கு இறக்கியது. கூடவே பி5க்கு எதிரான ஆன்டிபாடியை வளரும் செல்களின் மீடியத்தில் கலந்து இன்னொரு பிளேட் போட்டேன். அது இல்லாத குழியில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பக்கமாக வால்நட்சத்திரம் போலச் சிதறல், ஈவி மிதந்து போய்ப் பக்கத்தில் விழுந்த தடம். பி5 ஆன்டிபாடி இருந்த குழியில் வால் இல்லை, வட்டமான ஓட்டைகள் மட்டும். ஏழு மாதத்தில் நான் பார்த்த அழகான பிளேட் அதுதான். கைடு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எஃப்13ஐ எப்போது தொடங்குகிறாய்?" என்று கேட்டார். பெரியம்மைக்கான மருந்தான டெக்கோவிரிமேட் மாத்திரை குறி வைப்பது அந்தப் புரதத்தைத்தான்; சவ்வு சுற்றுவதையே அது நிறுத்திவிடும். அது தனிக் கதை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு, "அக்கா, ஈவி ஸ்டாக் எந்தப் பெட்டியில் இருக்கு?" என்று கேட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொன்னேன்.