கமரா திரும்பாத பக்கம்

எங்கள் பள்ளிக்கூடப் பழைய மாணவர் மலர்க்குழுவில் இருக்கும் நண்பன் என்னிடம் கேட்டது எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டு வீடியோக்களைப் பற்றி ஒரு கட்டுரை. வருடாந்த ஒன்றுகூடலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டுகளைப் போடுகிறவன் நான். அதனால் இந்த வேலை என்னிடம் வந்தது. சரி என்று சொல்லி இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். மாசி மாதம் எங்கள் சமூகக்கல்வி சேர் காலமான செய்தி வந்தது. எழுதியதை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அதில் சேர் எங்கேயும் இல்லை. அவரை விட்டுவிட்டு அந்தக் கதையை எப்படி எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அவருடைய பெயரை எழுதத் தேவையில்லை. கறுப்புக் குடையைச் சைக்கிள் பாறோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முதல் மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் கேற்றுக்குள் வருகிறவர் என்றால் உங்களுக்கு ஆளைத் தெரியும்.

அந்தப் பாட்டுகள் எங்களுக்கு முதலில் காது வழியாகத்தான் வந்தன. பிபிசி உலக சேவையில் டேவ் லீ ட்ராவிஸ் நடத்திய நேயர் விருப்பம், சிற்றலையில் இரைச்சலோடு ஏறி இறங்கி வரும். பாட்டின் நல்ல இடம் வரும்போது அலை போய்விடும். பிறகு றெக்கோடிங் பார். துண்டில் பாட்டுகளின் பெயரை எழுதி ஒரு கசெற்றையும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு கிழமை கழித்துத் தருவார்கள். சொற்களைக் காதால் கேட்டு, கொப்பியின் பின்பக்கத்தில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தோம். பாதி பிழை. ஆனாலும் நாற்பது வருடம் கழித்து அந்தப் பிழைகளோடுதான் என் வாயில் அந்தப் பாட்டுகள் வருகின்றன.

அமெரிக்காவில் பாட்டு வீடியோக்களுக்கென்றே எம்ரிவி என்ற அலைவரிசை 1981 ஆவணி முதலாம் திகதி தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பொது நூலகம் எரிந்து அப்போது சரியாக இரண்டு மாதம். இந்த இரண்டு திகதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு முப்பது வருடம் எடுத்தது. அந்த வயதில் நூலகம் எரிந்தது மட்டும்தான் தெரியும்.

1985 கடைசியில் லண்டனில் இருந்த என் பெரியம்மாவின் மகன், ஊருக்கு வந்த ஒருவரிடம் நாலு மணித்தியால வீடியோக் கசெற் ஒன்றைக் கொடுத்துவிட்டார். டாப் ஒவ் த பொப்ஸ் நிகழ்ச்சியிலும் வேறு நிகழ்ச்சிகளிலும் இருந்து நாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பதிந்து சேர்த்தது. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்த இரவு எப்படி இருக்கும் என்று இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மூன்று தமிழ்ப் படம் முடிந்து, பெரியவர்கள் எழும்பிப் போய், சின்னனுகள் பாயில் நித்திரையாகி, ஜெனரேற்றருக்கு இன்னும் எண்ணெய் மிச்சம் இருக்கிற விடியப்புற நேரம் எங்களுடையது.

அந்த இரவை நான் மறக்கவில்லை. ஆஹா குழுவின் பாட்டில் படக்கதைப் புத்தகத்துக்குள்ளிருந்து பென்சிலால் கீறிய கை ஒன்று வெளியே நீண்டு ஒரு பெண்ணை உள்ளே கூப்பிடும். மூச்சு விடாமல் பார்த்தோம். மைக்கல் ஜக்சனின் த்ரில்லர் ஏறக்குறைய பதினாலு நிமிடம். பாட்டுக்குள் ஒரு முழுப் படத்தையே எடுக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது. 1985 ஆடியில் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக வெம்பிளியில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் குயீன் பாடியதும் அதில் இருந்தது. மைதானம் நிறைந்த சனம் முழுவதும் ஒரே நேரத்தில் தலைக்கு மேலே கையைத் தட்டும். அத்தனை பேர் பயமில்லாமல் ஓரிடத்தில் கூடி நிற்பதைப் பார்த்து எங்களில் ஒருவன், "ஆமி ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டுறான் டுறான் குழுவின் சேவ் அ பிறேயர். கடற்கரை வந்தது, தென்னை வந்தது. எங்கோ பார்த்த இடம் போல இருக்கிறதே என்று நினைக்கும்போதே வானத்திலிருந்து எடுத்த ஒரு பாறை. அதன் உச்சியில் நாலைந்து வெள்ளைக்காரப் பெடியள். என் பக்கத்தில் இருந்தவன் பாயிலிருந்து எழும்பி, "டேய், சிகிரியாவடா!" என்று கத்தினான்.

1982இல் அந்தக் குழு இலங்கைக்கு வந்து இதையும் ஹங்ரி லைக் த வுல்ஃப் பாட்டையும் எடுத்துக்கொண்டு போனது. எடுத்தவர் ரசல் முல்கேஹி. எம்ரிவியில் முதன்முதலாக ஓடிய பாட்டு வீடியோவையும் அவர்தான் எடுத்தவர். சிகிரியாவையும் பொலனறுவையையும் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடங்களாகச் சேர்த்ததும் அதே 1982இல்தான். உலகமே பார்த்துவிட்ட இடத்தை நாங்கள் பாடப் புத்தகத்தின் கறுப்பு வெள்ளைப் படத்தில் மட்டும் பார்த்திருந்தோம்.

அடுத்த தவணைப் பரீட்சையில் சிகிரியாவின் சிறப்புகளை விபரிக்கும்படி ஒரு கேள்வி வந்தது. அதைக் கட்டிய மன்னன் காசியப்பனைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, மேலிருந்து பார்த்தால் பாறையின் தலை எப்படி இருக்கும், இடிந்த அத்திவாரங்கள் படி படியாக எப்படி இறங்கும், சுற்றிவரக் காடு எப்படிக் கிடக்கும் என்று ஒரு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கு அவ்வளவு சந்தோசம்.

பேப்பர் திருத்திக் கொடுத்த நாளில் சேர் என்னுடைய விடையை வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். பிறகு கேட்டார்.

"நீர் எப்ப சிகிரியாவுக்குப் போனனீர்?"

"போகேல்லை சேர்."

"அப்ப ஹெலிகொப்டரில பறந்து பாத்தனீரோ?"

வகுப்பு சிரித்தது. நான் உண்மையைச் சொன்னேன்.

"வெள்ளைக்காரற்ரை பாட்டு வீடியோவில பாத்தனான் சேர்."

இந்த முறை வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. சேரின் முகம் மாறியதை நான் கண்டேன். பிரம்பை எடுத்தார். ஆறு அடி. அதற்குப் பிறகு விறாந்தையில் முழங்காலில் நிற்கச் சொன்னார். கடைசி மணி அடிக்கும் வரை நின்றேன். கீழ் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக என்னைக் கடந்து போனார்கள். அந்த வரிசையில் என் தம்பியும் போனான். என்னைப் பார்த்துவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தான். வீட்டில் அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அதைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததில்லை.

உண்மையைச் சொன்னதற்கு ஏன் அடி என்று அப்போது விளங்கவில்லை. விளங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆவணி லீவில் ஒரு வகுப்பைச் சிகிரியாவுக்கும் பொலனறுவைக்கும் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர். எங்கள் முறை 1983. வைகாசி மாதமே காசு சேர்த்துவிட்டார். ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மிஹிந்தலை, தம்புள்ளை என்று பாதையைக் கரும்பலகையில் கீறி, எங்கே இறங்குவது, எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஆடி மாதம் கொழும்பில் என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது ஒவ்வொருவரின் பெயரையும் எழுதிய கடித உறையில் காசைப் போட்டுத் திருப்பித் தந்தார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நாளும் வகுப்பில் பேசவில்லை. அப்படிப்பட்ட மனுசனிடம்தான் நான் பாட்டு வீடியோவில் பார்த்தேன் என்று சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அவருடைய சைக்கிள் எங்கள் கேற்றடியில் வந்து நின்றது. அம்மா பயந்துபோனா. "ஒண்டுமில்லை அம்மா, தம்பியோட ஒரு விசயம் கதைக்கவேணும்" என்றார். தேத்தண்ணி குடித்து முடியும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்தக் கசெற் இப்பவும் இருக்கோ?" என்று கேட்டார்.

டெக்குக்கும் ஜெனரேற்றருக்கும் அவர்தான் காசு கொடுத்தார். நாங்கள் பதினொரு பேர். கதிரையை ரிவிக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "சுத்தும் தம்பி" என்றார். இரண்டாந் தரமும் அப்படித்தான். மூன்றாந் தரம் பாறை வந்தபோது எழும்பிப் போய் விரலை ரிவிக் கண்ணாடியில் வைத்தார்.

"இதில நிப்பாட்டும்."

படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகு அவர் எங்கள் சேர் ஆனார். "பாருங்கோ, இதுதான் அரண்மனை இருந்த இடம். நாங்கள் ஏறிற பாதை இதில தெரியாது, அது வடக்குப் பக்கம். சிங்கத்தின்ரை கால் ரண்டும் அங்கைதான்." விரல் கண்ணாடியை விட்டு இறங்கி மேசைக்குப் போனது. "மேற்குப் பக்கம் ஓவியங்கள். அதுக்குப் பக்கத்தில கண்ணாடிச் சுவர். ஆயிரம் வருசத்துக்கு முந்தி வந்த சனம் அதில பாட்டு எழுதிவிட்டுப் போயிருக்கு." அப்புறம் விரல் ரிவிப் பெட்டியையும் தாண்டி வெறும் சுவரில் போய் நின்றது. "இதில ஒரு குளம். கல்லைக் குடைஞ்சு வெட்டின குளம். கமராக்காரன் இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

நாங்கள் பதினொரு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பொலனறுவைக் காட்சி வந்தபோதும் நிற்பாட்டச் சொன்னார். "இஞ்சயிருந்து கொஞ்சத் தூரம்தான் வானவன்மாதேவி ஈச்சரம். சோழர் காலத்துக் கோயில். வந்தவங்கள் அதையும் எடுத்திருக்கலாம்." உண்மையான ஆதங்கம். அந்தப் பெடியள் தன் வகுப்பில் படித்தவர்கள் போலவும், சொல்லிக் கொடுத்த இடத்தைப் பார்க்காமல் வந்துவிட்டவர்கள் போலவும் சொன்னார்.

எத்தனை முறை சுற்றினோம் என்று தெரியாது. இடையில் ஒருமுறை, "இவன் என்ன சொல்லிப் பாடுறான்?" என்று கேட்டார். "ஒரு பிரார்த்தனையை மிச்சம் வைச்சிரு எண்டு சேர்" என்றேன். தலையை ஆட்டினார். எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் நின்றதும் இருட்டில் குடையைத் தேடி எடுத்துக்கொண்டார். கேற்றடியில் என்னைக் கூப்பிட்டார். "அண்டைக்கு நீர் எழுதினது பிழையில்லை. குளத்தை விட்டிட்டீர், அவ்வளவுதான். நிலைமை சரிவரட்டும், உங்களை நேரில கூட்டிக்கொண்டு போறன்."

அந்த வருடக் கடைசியில் நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். சேரின் வீட்டு ஒழுங்கையால்தான் போனோம். விளக்கு எரிந்தது. நான் இறங்கவில்லை.

ரொறன்ரோவில் ஏழு பேர் இருந்த நிலவறை வீட்டில் மச்மியூசிக் அலைவரிசை நாள் முழுக்க ஓடும். ஊரில் ஒரு கசெற்றுக்காக ஏங்கிய எனக்கு அங்கே முடிவே இல்லாமல் வீடியோக்கள். உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டும் சில வேளை வரும். பாறை வரும், போகும். நிற்பாட்டச் சொல்ல ஒருவரும் இல்லை. 1999இல் தம்பி வந்தபோது அந்தக் கசெற்றை மறக்காமல் கொண்டுவந்தான். இங்கத்தைய டெக் வேறு முறையானது. வெறும் கோடுகள்தான் ஓடின.

சில வருடங்களுக்கு முன் லண்டன் ஒன்றுகூடலில் என்னைவிடப் பத்து வயது இளைய பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் படித்த காலத்தில் ஊரில் மின்சாரம் இல்லை. பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பாட்டுக் கேட்டார்களாம். சிகிரியாப் பாடம் வந்தால் சேர் கரும்பலகையில் ஒரு பெட்டி கீறுவாராம். பெட்டிக்குள் பாறை. பெட்டிக்கு வெளியே ஒரு குளம். "ஏன் சேர் பெட்டி எண்டு கேட்டால், அது ரிவி எண்டு சொல்லுவார். எங்களுக்கு ஒண்டும் விளங்கிறதில்லை" என்றார். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. எழும்பி வெளியே போய்விட்டேன்.

2018இல் மனைவியோடும் மகளோடும் சிகிரியாவுக்குப் போனேன். வடக்குப் பக்கமாக, சிங்கத்தின் கால்களுக்கு நடுவே ஏறினோம். ஓவியங்களும் கண்ணாடிச் சுவரும் அவர் சொன்ன அதே பக்கம். உச்சியில் வழி கேட்காமலே நடந்து போய் அந்தக் குளத்தைக் கண்டேன். மகள் என்னைப் பார்த்து, "அப்பா முந்தி வந்திருக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஊரில் சேரைப் போய்ப் பார்த்தேன். காது கொஞ்சம் மந்தம். மற்றபடி ஆள் அப்படியே இருந்தார். போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்து குளத்தில் நிறுத்தினார்.

"தண்ணி நிக்குது" என்றார்.

"ஓம் சேர். நீங்கள் எப்ப கடைசியாப் போனனீங்கள்?"

"எண்பத்திரண்டு."

அந்தப் பாட்டை எடுத்த அதே வருடம். 2009க்குப் பிறகு பாதை திறந்துதானே இருக்கிறது, ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"தனியப் போக அங்கை என்ன இருக்கு? அது பெடியளோட போற இடம். ஆரும் கூப்பிடேல்லை."

ஒன்பது வருடம். அதற்குள் நான் மூன்று முறை ஊருக்குப் போய் வந்திருக்கிறேன். இந்த முறையும் சிகிரியாவை முதலில் பார்த்துவிட்டு, அவரைப் பிறகு பார்க்க வந்திருந்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த முறை வரேக்க நானே வந்து கூட்டிக்கொண்டு போறன் சேர்" என்றேன்.

அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, "எப்ப?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் கிடந்த நாட்குறிப்பை எடுத்துப் பேனையையும் திறந்து வைத்துக்கொண்டார்.

நான் திகதி சொல்லவில்லை.