டார்க் சன்: மூன்றாவது முயற்சியில் மண் செத்தது

நேற்றைய ஞாயிறு ஆட்டத்தில், மந்திரவாதியாக ஆடும் தோழி பகடையைக் கையில் பிடித்தபடி ஒரு நிமிடம் முழுதாக யோசித்தாள். எட்டு மாதமாக நான் காத்திருந்தது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் விளையாட்டின் பாலைவன உலகம் டார்க் சன். அதன் 1991 பெட்டியை அந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்குக் கொண்டுவரும் வேலையில் என்னைப் பாடாய்ப் படுத்தியது மந்திரம்.

பழைய விதியில் டிஃபைலர், அதாவது மண்ணின் உயிரை உறிஞ்சி மந்திரம் போடுபவன், மற்ற மந்திரவாதிகளைவிடச் சீக்கிரம் நிலை உயர்வான். அந்த ஆசைதான் அவனை மண்ணை அழிக்க வைக்கும். ஐந்தாம் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே அனுபவ அட்டவணை என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. டார்க் சன்னின் 2010 பதிப்பைப் போல, பக்கத்தில் நிற்கும் தோழர்களுக்குக் காயம் என்று முதலில் வைத்துப் பார்த்தேன். ஓர் இரவு தூங்கி எழுந்தால் காயம் ஆறிவிடுகிறது. குற்ற உணர்வும் கூடவே ஆறிவிடுகிறது. அடுத்து, எத்தனை செடி கருகியது என்று பகடை உருட்டிக் கணக்கெடுத்தோம். சண்டை நகரவே இல்லை.

இப்போது வழி கிடைத்துவிட்டது. பாலைவனச் சோலையை அறுகோணக் கட்டங்களாகப் பெரிய காகிதத்தில் வரைந்து மேசையில் விரித்துவிடுகிறேன். மண்ணை உறிஞ்சினால் சேதப் பகடையை மறுமுறை உருட்டலாம். பதிலுக்கு, மந்திரம் எத்தனையாவது நிலையோ அத்தனை கட்டங்களை உருட்டியவரே தம் கையால் கரியால் நிரப்ப வேண்டும். பூசிய கரியைத் துடைத்து அழிக்க அனுமதி இல்லை. கருத்த கட்டத்தில் உணவு தேட முடியாது. நேற்று அவர்கள் திரும்பி வந்தது முதல் வாரத்தில் தாங்களே கருக்கிய சோலைக்கு.

கரிதான் பெரிய தலைவலி. லேமினேட் செய்த தாளில் ஒட்டவில்லை. சாதாரணச் சார்ட்டில் கை பட்டாலே எல்லாப் பக்கமும் பரவியது. பெங்களூரு அவென்யூ சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி, சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் காகிதம் வாங்கினேன். மேலே கரி உதிராமல் பிடிக்கும் ஸ்பிரேயை ஓரடி தள்ளி நின்று, மெல்லிசாக இரண்டு முறை அடிக்க வேண்டும். ஒரே முறையில் கனமாக அடித்தால் கறை படிகிறது. ஒரு வரைபடத்தை அப்படித்தான் இழந்தேன்.

பழைய உலகத்தைப் புதுப்பிப்பது என்றால் விதியை மாற்றுவது. கதையின் காலத்தை ஓட்டுவது அல்ல என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 1995-இல் டார்க் சன் பெட்டியைத் திருத்தியபோது காலத்தை முன்னே தள்ளி, மந்திர மன்னர்கள் பலரைச் செத்தவர்களாக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் செய்ய வேண்டிய வேலை அது! 2010-இல், மந்திர மன்னன் காலக் இறந்து அவன் ஆண்ட டீர் நகரம் விடுதலையான தருணத்துக்கே திரும்பி வந்தது சரியான முடிவு. அதே விளையாட்டின் இன்னோர் உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸை 2008-இல் ஏறக்குறைய நூறாண்டு தள்ளிவிட்ட காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மற்றோர் உலகமான எபரானைப் பாருங்கள்: 2004 முதல் மூன்று பதிப்புகளிலும் அந்த உலகக் கணக்கில் அதே 998-ஆம் ஆண்டு. உலகம் பழசாகவே இல்லை.

தண்ணீர் விதி இன்னும் பாக்கி. ஐந்தாம் பதிப்பில் முதல் நிலை மந்திரமே பத்து காலன் தண்ணீர் தருகிறது, கிட்டத்தட்ட 38 லிட்டர். டார்க் சன்னின் வறண்ட உலகமான அதாஸில் அதை அனுமதிக்க முடியாது. 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறு வற்றி, அல்சூரில் டேங்கருக்காகக் குடத்தோடு காத்திருந்தவர்கள் என் மேசையில் இருக்கிறார்கள். தாகத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குள் எலும்பு வாள் உடையும் விதியையும் எழுதத் தொடங்கிவிட்டேன். டீர் நகர வரைபடம் பாதியில் கிடக்கிறது, காகிதம் இன்னும் நான்கு தாள் வேண்டும்.