அப்பத்தாவும் முற்றத்துத் தூணும்

சாயங்காலம் அஞ்சரைக்கு எழுந்து வளவுக்கு வந்து "அப்பத்தா, காபி" என்றேன். விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "விளக்கு வைக்கிற நேரத்துலயாடா பல்லு விளக்குவ?"

நைட் ஷிஃப்ட், ஒன்பதாவது மாதம்.

தேக்குக் கதவைச் சாத்தினால் காரைக்குடி வெயிலிலும் அறை கும்மிருட்டு. இருந்தும் நாலு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் வருவதில்லை, எழுந்தால் காரணமே இல்லாமல் யார் மேலாவது எரிந்து விழுகிறேன்.

மூளையில் இருக்கிற கடிகாரம் அரிசி மணியை விடச் சின்னது. கண் வழியாகத்தான் அது நேரம் பார்க்கிறது. காலை வெளிச்சம் பட்டால் முள்ளைச் சரிசெய்துகொள்ளும், இருட்டினால் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனினைச் சுரக்கச் சொல்லும். நான் ராத்திரி முழுக்க அதற்கு இரண்டு மானிட்டரைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பாவம். (உடம்பின் செல்லுக்குள் இந்தக் கடிகாரம் ஓடும் விதத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017இல் நோபல்.)

அப்பத்தா அலாரம் வைத்ததே இல்லை. விடிந்ததும் முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார். வெயில் இரண்டாவது தூணின் இடுப்புக்கு இறங்கினால் எட்டு மணி. தையில் கணக்கு வேறு, அதுவும் அவருக்குத் தெரியும்.

நாளைக்கு லீவு. ஆறு மணிக்கே எழுப்பச் சொல்லியிருக்கிறேன்.

"எந்த ஆறு?" என்கிறார்.