வைட்டமின் என்று சொன்ன நீல மாத்திரை

குண்டு எறிதல் போட்டிக்குப் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள் நான். யார் கொடுத்தாலும், என்னவென்று தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள் என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வேன். கிழக்கு ஜெர்மனியில் நடந்தது அப்படி.

1970, 80களில் அங்கே பதின்வயது வீராங்கனைகளுக்கு வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்த நீல மாத்திரை, ஓரல் டுரினபோல் என்ற ஸ்டீராய்டு. ஆண் ஹார்மோனைப் போல வேலை செய்வது. தசை ஏறியது, பதக்கமும் வந்தது. கூடவே குரல் தடித்தது, முகத்தில் முடி முளைத்தது, மாதவிடாய் குழம்பியது, சிலருக்குக் கல்லீரலும் கெட்டது. மருந்தை நிறுத்தினாலும் தடித்த குரல் பழையபடி ஆகாது.

2000இல் பெர்லின் நீதிமன்றம் அன்றைய கிழக்கு ஜெர்மனியின் விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மன்ஃப்ரெட் எவால்டுக்கு இதற்காக 22 மாதச் சிறைத் தண்டனை விதித்தது, அதையும் நிறுத்திவைத்தது. பிள்ளைகளின் உடம்பைக் கெடுத்ததற்கு இவ்வளவுதானா? எனக்கு இன்னும் ஆறவில்லை.