பமேலாவின் மூன்று மூட்டைகள்

எம்.ஏ. ஆங்கிலத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தாளில் முதல் தடவை நான் வாங்கியது 41. அக்கால பிரிட்டிஷ் நாவல்கள் சமூக மாற்றத்தை எப்படிக் காட்டின, எப்படித் தூண்டின என்ற கேள்விக்கு ஆறு பக்கம் எழுதியிருந்தேன். நடுத்தர வர்க்கத்தின் எழுச்சி, வாடகை நூலகங்கள் என்று கைடில் இருந்த அத்தனையும் இருந்தது. நாவல்தான் இல்லை.

மதிப்பெண்ணைக் கூட்ட மறுபடி எழுதும் இம்ப்ரூவ்மெண்ட் தேர்வுக்கு சாமுவேல் ரிச்சர்ட்சனின் ‘பமேலா’வை (1740) முழுசாகப் படித்தேன். பாதி இடத்தில் தூக்கம் சொக்கும். ஆனால் ஒரு காட்சி மனசில் நின்றுவிட்டது. எஜமானனின் தொல்லை தாங்காமல் ஊருக்குக் கிளம்பும் வேலைக்காரப் பெண், தன் துணிமணியை மூன்று மூட்டையாகக் கட்டுகிறாள். இறந்துபோன எஜமானியம்மா கொடுத்தது ஒன்று, அவர் மகனான இந்த எஜமானன் கொடுத்தது ஒன்று. இரண்டும் வேண்டாம், என் ஏழைத் துணி உள்ள மூன்றாவது போதும் என்கிறாள். எது தன்னுடையது, எது இல்லை என்று ஒரு வேலைக்காரி தானே தீர்ப்புச் சொல்கிறாள். கைடு பத்து வரியில் சுற்றிச் சுற்றிச் சொன்னது இந்த மூட்டைக்குள் இருக்கிறது.

சரி, ‘தூண்டின’ என்பதற்கு? புத்தகம் வெளியே போய் என்ன செய்தது என்று பாருங்கள். பமேலா படம் போட்ட விசிறிகள் விற்பனைக்கு வந்தன. கடைசியில் அந்த எஜமானனே அவளைக் கட்டிக்கொள்வது பலருக்குப் பொறுக்கவில்லை. மறு வருஷமே எழுத்தாளர் ஹென்றி ஃபீல்டிங் ‘ஷமேலா’ என்று ஒரு கேலிப் புத்தகம் எழுதி நக்கலடித்தார். அதில் அவளுடைய கற்பே பணக்கார மாப்பிள்ளைக்கு விரித்த வலை. ஒரு வேலைக்காரியின் கல்யாணம் ஊரே வாதாடும் விஷயமாகிவிட்டது. (ஃபீல்டிங் பக்கம்தான் எனக்குச் சிரிப்பு அதிகம் வந்தது, அதை விடைத்தாளில் எழுதவில்லை.)

ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் 1753 திருமணச் சட்டம் நாவல்களால்தான் வந்தது என்று என் வகுப்புத் தோழன் எழுதி மதிப்பெண் இழந்தான். ரகசியக் கல்யாணங்களைத் தடுக்க வந்த சட்டம் அது. நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசலாம், அதன் தலையில் கட்டக் கூடாது.

அப்புறம் ஃபிரான்சஸ் பர்னியின் ‘எவலினா’வுக்கு (1778) ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெயர் போடாமல், அப்பாவுக்குக்கூடச் சொல்லாமல் வெளியிட்டார். ஒரு பெண் நாவல் எழுதுவது அன்று எப்படிப்பட்ட காரியம் என்பதற்கு அதுவே போதும்.

இரண்டாவது தடவை நாலு பக்கம்தான் எழுதினேன். மூட்டைகளுக்கே ஒன்றரைப் பக்கம் போனது. 63 வந்தது.