சொல் தெரிந்தும் வாக்கியம் வராத காலம்

என்னிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். நாளைக்குப் பத்து என்று கணக்கு வைத்து, பத்து மாதத்தில் 3,000 சொற்களை எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அரிய சொல்லாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பொருள் சொல்லியிருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் வேலையில் ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டி வந்தது. சரக்கு வர இரண்டு நாள் தாமதமாகும், காரணம் இது, மாற்று ஏற்பாடு இது. அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நோட்டில் இருந்த சொல் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. கடைசியில் வேறொருவர் இரண்டு நிமிடத்தில் எழுதித் தந்தார். அதில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் என்னை உலுக்கியது.

எனக்குக் குறை சொல்லில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று சேரும் விதத்தில் இருக்கிறது என்று அன்று புரிந்தது.

முதலில் வாக்கியத்தின் வரிசையைப் பிடித்துக்கொண்டேன். 'நேற்று நீங்கள் அனுப்பிய கடிதத்தை நான் படித்தேன்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'ஐ ரெட் த லெட்டர் யூ சென்ட் யெஸ்டர்டே'. அதாவது: நான் படித்தேன், கடிதத்தை, நீங்கள் அனுப்பிய, நேற்று. ஏறக்குறைய கண்ணாடியில் பார்த்த மாதிரி. தமிழில் விவரத்தையெல்லாம் முன்னால் அடுக்கிவிட்டு வினையைக் கடைசியில் வைக்கிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசப் போனால், முன்னால் இருக்கும் விவரத்திலேயே மூச்சு முட்டி நின்றுவிடுவோம். நான் அப்படித்தான் நின்றேன். ஆகவே ஒரு பயிற்சி வைத்துக்கொண்டேன். கண்ணில் படும் தமிழ் வாக்கியம் எதுவானாலும், 'யார், என்ன செய்தார்' என்ற இரண்டை மட்டும் பிடுங்கி முதலில் சொல்லிவிடுவது. எதை, எங்கே, எப்போது என்பதெல்லாம் பின்னால் தொங்கட்டும். மூன்று மாதம் வாய்விட்டே செய்தேன். வேறெந்தப் பயிற்சியும் எனக்கு இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

இதிலேயே இன்னொரு சிக்கல் இருந்தது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்கு வேலை இருக்கிறது' என்று தமிழில் 'எனக்கு' வரும் இடங்களில் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஐ' வந்து உட்கார்ந்துகொள்கிறது: 'ஐ லைக் இட்', 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ ஹேவ் வொர்க்'. 'வந்தேன்' என்றாலே வந்தது யார் என்று தமிழில் தெரிந்துவிடும். ஆங்கில வினைக்கு அந்த வசதி கிடையாது, எழுவாயைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மழை பெய்வதற்குக்கூட 'இட் இஸ் ரெய்னிங்' என்று ஒரு 'இட்' தேவைப்படுகிறது.

பிறகுதான் சொற்களுக்குத் திரும்பினேன். மழைக்கும் நாம் 'பலத்த' என்கிறோம், காற்றுக்கும் 'பலத்த' என்கிறோம். ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. நான் 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதியவன். முடிவும் தவறும் 'மேக்', வீட்டுப்பாடம் 'டூ', குற்றம் 'கமிட்'. நமக்கு எல்லாமே 'செய்'தான். ஏன் இப்படி என்று கேட்டுப் பயனில்லை. சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். தமிழ் படிக்க வருபவருக்கு அதற்கு நாம் என்ன காரணம் சொல்வோம்? இந்தச் சேர்க்கையைக் 'காலொகேஷன்' என்கிறார்கள். அதன்பின் தனிச் சொல்லை நோட்டில் ஏற்றுவதை அடியோடு நிறுத்தினேன். 'டிசிஷன்' என்று எழுதுவதில்லை, 'மேக் எ டிசிஷன்' என்றுதான் எழுதுவேன். 'டிஸ்கஸ்' என்றால் 'டிஸ்கஸ் த ப்ராப்ளம்'. இல்லாவிட்டால் தமிழின் 'பற்றி' உள்ளே நுழைந்து 'டிஸ்கஸ் அபௌட்' ஆகிவிடும்.

எந்தச் சொற்களைப் படிப்பது என்பதிலும் மனம் மாறியது. மைக்கேல் வெஸ்ட் என்பவர் 1953-இல் ஆங்கிலம் கற்போருக்காகச் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்றும் அதில் குறித்திருந்தார். அந்தச் சொற்களைப் பார்த்தபோது கிட்டத்தட்ட எல்லாமே எனக்குத் தெரிந்தவை. ஆனால் 'கெட்', 'டேக்', 'கீப்', 'புட்' இவற்றில் ஒவ்வொன்றையும் வைத்து நான்கு விதமான வாக்கியம் எழுதச் சொன்னால் திணறினேன். அரிய சொற்களை ஒதுக்கிவைத்து, ஓர் ஆண்டு முழுக்க இந்தச் சிறிய சொற்களோடு மட்டும் உழைத்தேன். ஆங்கிலம்–தமிழ் அகராதியையும் மூடிவிட்டு, கற்போருக்கான ஆங்கிலம்–ஆங்கில அகராதிக்கு மாறினேன். அதில் பொருளை எளிய சொற்களிலேயே விளக்கி, கீழே மாதிரி வாக்கியமும் தந்திருப்பார்கள். நான் நகலெடுத்தது அந்த வாக்கியங்களைத்தான்.

மறதிக்கு ஒரு வார்த்தை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-இலேயே காட்டிவிட்டார்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவிவிடுகிறது. அதனால் எழுதிய வாக்கியத்தை மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று இடைவெளி விட்டுப் பார்ப்பேன். அட்டையோ செயலியோ, எதில் செய்தாலும் சரி.

எழுத்தை நிமிர்த்தியது வேறொன்று. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் இளம் வயதில் தன் எழுத்தைச் சீர்படுத்திக்கொண்ட முறை அது. நல்ல கட்டுரை ஒன்றைப் படித்துக் குறிப்பு மட்டும் எடுத்துக்கொள்வார். சில நாள் கழித்துக் குறிப்பை வைத்துத் தன் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். அவருக்கு அது தாய்மொழி. எனக்கோ நூறு சொல் கொண்ட ஒரு பத்தியே போதுமானதாக இருந்தது. முதல் முறை ஒப்பிட்டபோது பதினேழு இடத்தில் சிவப்பு மை. ஆனால் அந்தப் பதினேழும் என் பிழைகள், எந்த இலக்கணப் புத்தகமும் எனக்கென்று பிரித்துக் காட்டியிராத பிழைகள். வாரம் இரண்டு பத்தி, இன்றுவரை விடவில்லை. பேச்சு இதற்குப் பின்னாலேயே வந்தது. அதற்கென்று தனியாக நான் செய்தது, அதே பத்திகளை உரக்க வாசித்தது மட்டும்தான்.

இப்போது அப்படி ஒரு மின்னஞ்சலுக்குப் பத்து நிமிடம் ஆகிறது. இன்னும் பிடிபடாதது, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'த' இரண்டும்தான். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார், அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்' என்று கதை தொடங்குவோமே, அதில் வரும் 'ஒரு'வையும் 'அந்த'வையும் வைத்துத்தான் சமாளிக்கிறேன். எழுதி முடித்ததும் பெயர்ச்சொற்களை மட்டும் இன்னொரு முறை பார்ப்பேன். முதல்முறை சொல்கிறேனா, எது என்று படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியுமா என்று ஒவ்வொன்றிடமும் கேட்பேன். போன வாரம் எழுதிய இரண்டு பக்கத்தில் நான்கு இடம் சிக்கியது. மூன்றைத் திருத்திவிட்டேன். நான்காவதில் 'த' வேண்டுமா வேண்டாமா என்று தெரியவில்லை, அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.